டிக்கெட் துண்டு வைத்த கல்லறை: சினிமா மனிதர்கள் மீது நமக்கு ஏன் பாசம் வருகிறது?

கனடாவில் ஹாலிஃபாக்ஸ் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்குள்ள ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டத்தில், 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது இறந்தவர்களில் 121 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசையாக நிற்கும் சிறிய கற்களில் ஒன்றில் ‘ஜே. டாசன்’ என்ற பெயரும், இறந்த தேதியும், 227 என்ற எண்ணும் பொறித்திருக்கும். ஜோசப் டாசன் என்ற அந்த இளைஞர், கப்பலின் கொதிகலன்களுக்கு நிலக்கரி அள்ளிச் சேர்த்த தொழிலாளி. 1997இல் ‘டைட்டானிக்’ படம் வந்தது. அதன் நாயகன் பெயர் ஜாக் டாசன். இருவருக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் பூக்கள் சேர ஆரம்பித்தன. சிலர் படம் பார்த்த டிக்கெட்டின் துண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த டிக்கெட் துண்டைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பெயரைப் பார்த்துச் சிலர் குழம்பியிருக்கலாம், சரி. ஆனால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டையே ஒருவர் கல்லறையில் வைக்கிறார் என்றால், தான் பார்த்தது படம் என்பதை அவர் மறக்கவில்லை. தெரிந்தேதான் வந்திருக்கிறார். தெரிந்தேதான் துக்கப்பட்டிருக்கிறார்.

நம் வீடுகளில் இந்த விஷயம் பேசப்படும் விதம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மாலை தூர்தர்ஷனில் படம் போட்ட காலத்தில், எங்கள் அத்தை ‘மூன்றாம் பிறை’ பார்த்துவிட்டு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். “படம்தானே, இதுக்குப் போய் அழுவாங்களா” என்றார் மாமா. அத்தைக்கு அது படம் என்று தெரியாதா என்ன? மாமாவின் அந்தக் கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: நிஜத்தையும் கதையையும் பிரிக்கத் தெரியாதவர்கள்தான் கதாபாத்திரத்துக்காக அழுவார்கள் என்பது. மன பலவீனம், தனிமை, வேலை இல்லாமை என்று இதற்குப் பல பெயர்கள் வைக்கிறோம். உண்மையில் இதில் நடப்பது வேறு. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மாங்காயை நினைத்தால் வாயில் ஊறுவது ஏன்?

பள்ளிக்கூட வாசலில் விற்பார்களே, கீறிய மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது, அதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பல்லில் கூச்சம், நாக்கின் ஓரத்தில் நீர். கையில் மாங்காய் இல்லை என்பது உங்களுக்கு நூறு சதவீதம் தெரியும். வாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பொருட்காட்சி ராட்டினமும் அப்படித்தான். கம்பி போட்டுப் பூட்டியிருக்கிறது, விழமாட்டோம் என்று தெரிந்துதான் ஏறுகிறோம். அது கீழே இறங்கும்போது வயிறு அலறுகிறது. ‘விழமாட்டேன்’ என்ற அறிவும் ‘விழுகிறேன்’ என்ற உடம்பின் கூச்சலும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

இதுதான் முதல் படி. நம் மனதில் ‘இது நிஜமா?’ என்று சரிபார்க்கும் வேலை ஒன்று நடக்கிறது. கண்ணில் பட்டதற்கும் காதில் விழுந்ததற்கும் உடனே எதிர்வினை காட்டும் வேலை இன்னொன்று. இரண்டாவது, முதலாவதன் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. திரையில் ஒரு குழந்தை தண்ணீரில் விழுந்தால் நெஞ்சு பதறுவது முதலில் நடந்துவிடுகிறது. ‘படம்தான்’ என்ற அறிவு கூடவே இருக்கிறது, ஆனால் பதற்றத்தைத் துடைத்துவிடும் சக்தி அதற்கு இல்லை. எழுந்து ஓடிப்போய்க் காப்பாற்றாமல் நாற்காலியிலேயே உட்கார வைக்கும் சக்தி மட்டும் இருக்கிறது.

கோலரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1817இல் எழுதிய ஒரு தொடர் இன்றும் எல்லோராலும் மேற்கோள் காட்டப்படுகிறது: வாசகர் தன் அவநம்பிக்கையை விரும்பியே தள்ளிவைக்கிறார் என்பது அதன் கருத்து. அழகான தொடர்தான். ஆனால் அது நடப்பதைச் சரியாகச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. நாம் எதையும் தள்ளிவைப்பதில்லை. மாங்காயை நினைக்கும்போது ‘மாங்காய் இல்லை’ என்பதை மறந்தா போகிறோம்?

தத்துவத்தில் இதற்கு புனைவின் புதிர் என்று பெயர். காலின் ராட்ஃபோர்டு என்ற தத்துவவாதி 1975இல் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பினார்: இல்லாத ஒருவரை இல்லை என்று தெரிந்தே எப்படி நினைத்து வருந்த முடிகிறது? இது அறிவுக்குப் பொருந்தாத செயல் என்பதுதான் அவர் எட்டிய முடிவு. அவருக்குப் பின்னால் வந்த பலர் அதை ஏற்கவில்லை. உணர்ச்சி பிறக்க நம்பிக்கை தேவையில்லை, மனதில் ஒரு காட்சி தெளிவாக எழுந்தாலே போதும் என்றார்கள். மாங்காய் இவர்கள் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கதைக்காக அழுவது நிஜம் தெரியாததால் அல்ல. தெரிந்திருப்பதும் உணர்வதும் வேறு வேறு வேலைகள், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

முக்கோணத்துக்கும் மனசு உண்டு

சரி, திரையில் ஏதோ நடக்கிறது, உடம்பு பதறுகிறது. ஆனால் பதற்றம் வேறு, பாசம் வேறு. திடீர்ச் சத்தத்துக்குக் கூடத்தான் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. பாசம் வருவதற்கு எதிரே ‘ஒருவர்’ இருக்க வேண்டும். அந்த ஒருவரைத் திரை எப்படி உண்டாக்குகிறது?

1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு குட்டிப் படம் செய்தார்கள். ஓடும் நேரம் மூன்று நிமிடம்கூட இல்லை. அதில் மனிதர்களும் இல்லை, குரலும் இல்லை. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவு போலத் திறந்து மூடும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். இவை அங்குமிங்கும் நகரும். பார்த்தவர்களிடம் ‘என்ன நடந்தது, எழுதுங்கள்’ என்று கேட்டார்கள். 34 பேர் கொண்ட குழுவில் ஒரே ஒருவர்தான் ‘ஒரு பெரிய முக்கோணம் பெட்டிக்குள் நுழைகிறது’ என்ற தோரணையில் வடிவங்களாகவே எழுதினார். மற்ற எல்லோரும் கதை எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடன், சின்னது தைரியசாலி, வட்டம் பயந்த பெண், இருவரும் அவனிடமிருந்து தப்பித்து ஓடுகிறார்கள் என்று.

கோடுகளுக்கே இவ்வளவு. நகர்கிற எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு விருப்பமும் பயமும் எண்ணமும் இருப்பதாக ஊகிப்பது நம் இயல்பு. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று வெளி அடையாளங்களை வைத்துக் கணிக்கும் இந்தத் திறமையை மன ஊகம் என்று சொல்லலாம். இது இல்லாமல் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. அம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே கோபம் என்று புரிந்துகொள்கிறோமே, அதுவும் மன ஊகம்தான். தெரிந்தவரிடம் பயன்படுத்தும் அதே திறமையைத்தான் திரையில் வருபவரிடமும் பயன்படுத்துகிறோம். சினிமாவுக்கென்று மூளையில் தனியாக வேறொன்று கிடையாது.

2000இல் வந்த ‘காஸ்ட் அவே’ படத்தில் ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டவனுக்குத் துணை ஒரு வாலிபால். ரத்தக் கறையில் கண்ணும் வாயும் வரைந்த பந்து. பெயர் வில்சன். அது கடலில் மிதந்து விலகிப் போகும்போது உலகம் முழுக்கத் தியேட்டரில் மனிதர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வில்சன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஓர் அங்குலம் தானாக அசையவில்லை. அதற்கு மனசு கொடுத்தது யார்? முதலில் அந்த மனிதன். அப்புறம் நாம்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். கதாபாத்திரத்தின் மனதைப் படம் முழுதாகக் கொடுப்பதில்லை. ஒரு பார்வை, ஒரு தயக்கம், பாதியில் நிற்கும் ஒரு வாக்கியம், இவ்வளவுதான் திரையில் இருக்கிறது. மீதியை நாம் இட்டு நிரப்புகிறோம். எதை வைத்து? நம் அப்பாவின் மௌனம், நாம் சொல்லாமல் விட்ட காதல், நமக்குத் தெரிந்த அவமானம், இவற்றை வைத்துத்தான். அதனால்தான் ஒரே கதாபாத்திரம் பத்துப் பேருக்குப் பத்து விதமாக நெருக்கமாகிறது. பாதி அவர்கள் எழுதியது, பாதி நாம் எழுதியது. நாம் எழுதிய பாதியை விட்டுப் பிரிவது சுலபமில்லை.

எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர்

இப்போது விஷயத்தின் நடு மையத்துக்கு வந்துவிட்டோம். கோடிக்கணக்கான மனிதர்கள் வாழும் உலகில் எல்லோர் மீதும் நமக்குப் பாசம் வருவதில்லை. ஒரு படத்தில் ஐம்பது பேர் வருகிறார்கள், ஒருவருக்காகத்தான் அழுகிறோம். அந்த ஒருவரை நம் ஆள் ஆக்குவது எது?

எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள், ‘ஓ, இவர்தானா’ என்று முகத்தைப் பார்த்து வைக்கிறீர்கள். அப்புறம் மாதக்கணக்கில் அவர் போவது வருவது கண்ணில் படுகிறது. காலையில் சைக்கிளைத் துடைப்பது, இரவில் நேரம் கழித்து வருவது, ஜன்னல் வழியே கேட்கும் இருமல். ஒரு நாள் அவருக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை. நீங்கள் உங்களை அறியாமலே அவர் பக்கம் நிற்கிறீர்கள்.

மர்ரே ஸ்மித் என்ற திரைப்பட ஆய்வாளர் 1995இல் எழுதியதும் ஏறக்குறைய இந்த மூன்று படிகளைத்தான். தமிழில் அறிமுகம், உடன்செல்லல், பக்கம் நிற்றல் என்று வைத்துக்கொள்ளலாம். அறிமுகம் என்பது இவர் தனி ஆள் என்று கண்டுகொள்வது. உடன்செல்லல் என்பது படம் யாரோடு நடக்கிறது, யார் மனதுக்குள் நம்மை எவ்வளவு தூரம் அனுமதிக்கிறது என்பது. பக்கம் நிற்றல் என்பது இவர் நல்லவர், குறைந்தபட்சம் சுற்றியிருப்பவர்களைவிட நல்லவர் என்று நம் மனம் தீர்ப்புச் சொல்வது.

மூன்றில் ரொம்ப வலுவானது நடுப்படி. பலரும் இதைக் கவனிப்பதில்லை. ‘நல்லவன் என்பதால் பிடித்தது’ என்று நினைக்கிறோம். பல சமயம் கூடவே நடந்ததால்தான் பிடிக்கிறது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் இதற்கு அருமையான சான்று உண்டு. கொலை நடந்த அறையை ஓர் இளைஞன் துடைத்துச் சுத்தம் செய்கிறான். உடலைக் காரில் வைத்துச் சதுப்புக் குட்டைக்குள் தள்ளுகிறான். கார் மெல்ல மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அந்த ஒரு கணம், பார்க்கிற நமக்கு மூச்சு நிற்கிறது: ஐயோ, முழுகாமல் போய்விடுமோ! கொலையை மறைக்கிறவனுக்காக நாம் ஏன் பதற வேண்டும்? கடைசிச் சில நிமிடங்களாகக் கேமரா அவனோடுதான் இருந்தது, அதனால்தான்.

‘மூன்றாம் பிறை’க்கு வருவோம். 1982இல் பாலு மகேந்திரா எடுத்த படம். விபத்தில் நினைவு போய்க் குழந்தை மனதோடு இருக்கும் பெண்ணைப் பள்ளி ஆசிரியர் சீனு ஊட்டிப் பக்கம் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொள்கிறார். விஜி என்று அழைக்கிறார். சுப்பிரமணி என்று ஒரு நாய்க்குட்டி. சேலை கட்டத் தெரியாதது, மை கொட்டியது, கோபித்துக்கொண்டது, சமாதானமானது என்று வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களிலேயே படத்தின் பெரும்பகுதி போகிறது. ‘கதை நகரவே இல்லையே’ என்று அன்றைக்குச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் முழுக்க உடன்செல்லல் நடந்துகொண்டிருக்கிறது. நாம் அந்த வீட்டின் இன்னொரு ஆளாகிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் ரயில் நிலையம். அவளுக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது, இடையில் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. சீனு அடிபட்டு, சேறு பூசி, நொண்டிக்கொண்டு ஓடிவருகிறார். முன்பு அவளைச் சிரிக்கவைத்த குரங்கு வித்தையைப் பிளாட்பாரத்தில் செய்து காட்டுகிறார். அவளுக்கு அது யாரோ பைத்தியக்காரனின் கூத்து. ரயில் கிளம்பிவிடுகிறது.

இந்த இடத்தில் ஏன் உடைந்துபோகிறோம் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இது. அந்த வித்தைக்கு என்ன அர்த்தம் என்று ரயிலுக்குள் இருக்கும் யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியும். அவர் சொல்வது உண்மை என்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் அங்கே நாம் மட்டும்தான். நாமோ திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். தெரிந்தும் சொல்ல முடியாமல் நிற்கும் சாட்சியின் தவிப்புதான் தொண்டையை அடைக்கிறது.

தொல்காப்பியம் உணர்ச்சிகளை மெய்ப்பாடு என்று சொல்கிறது. மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. அழுகை, நகை, அச்சம் என்று எட்டு மெய்ப்பாடுகள். அவற்றில் அழுகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. உரையாசிரியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு படித்தால், பிறரால் இகழப்படுவது இளிவு, உரியதை இழப்பது இழவு, பழைய நிலை கெட்டு வருந்துவது அசைவு, விரும்பியதை அனுபவிக்கக் கிடைக்காத ஏக்கம் வறுமை. பிளாட்பாரத்தில் நிற்கும் சீனுவைப் பாருங்கள். பைத்தியம் என்று நினைக்கப்படுகிறார். அவளை இழக்கிறார். வாத்தியாராக இருந்தவர் சேற்றில் கிடக்கிறார். கைக்கு எட்டியது கிடைக்காமல் போகிறது. நான்கும் ஒரே ஆள் மேல், ஒரே சில நிமிடங்களில்!

உடன்செல்லலுக்குக் கேமரா செய்யும் உதவி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிஜ வாழ்க்கையில் ஒருவர் முகத்தை ஓரடி தூரத்தில் நின்று அரை நிமிடம் உற்றுப் பார்க்க முடியுமா? குழந்தையை, காதலியை, படுக்கையில் கிடக்கும் தாயை மட்டும்தான் அப்படிப் பார்ப்போம். சினிமா முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அந்த நெருக்கத்தில், அவர் நம்மைப் பார்க்காத நிலையில், காட்டுகிறது. முகத்தைப் பார்த்தால் முகம் பதில் சொல்லும். ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் டிம்பெர்க் என்ற உளவியலாளர் 1980களில் மனிதர்களின் முகத் தசைகளில் மின்முனை ஒட்டிப் படங்களைக் காட்டினார். சிரிக்கும் முகத்தைப் பார்த்தால் கன்னத் தசையும், கோப முகத்தைப் பார்த்தால் புருவத் தசையும் லேசாக இயங்கின. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனாலும் பார்க்கிறவரின் உடம்பு, பார்க்கப்படுகிறவரின் உடம்போடு சேர்ந்துகொள்கிறது.

(‘எல்லாம் கண்ணாடி நியூரான் செய்கிற வேலை’ என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1990களில் இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளின் மூளையில் கண்டறியப்பட்டவை அவை. தான் செய்யும்போதும், அதே செயலை இன்னொருவர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் நரம்பணுக்கள். மனிதரின் பரிவு முழுவதையும் அவற்றின் தலையில் ஏற்றுவது அவசரம். அறிவியலாளர்களே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது.)

ஆக, அறிமுகமாகி, கூடவே நடந்து, பக்கம் நிற்கத் தொடங்கியதும் அந்த ஆள் நம் ஆள். எதிர்வீட்டுக்காரருக்கு மாதங்கள் பிடித்ததைச் சினிமா இரண்டரை மணி நேரத்தில் செய்துவிடுகிறது.

கைக்கிளை

நாம் அவரை அறிவோம், அவர் நம்மை அறியமாட்டார். இந்த உறவுக்கு ஒரு பெயர் வேண்டும்.

1956இல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வானொலி, தொலைக்காட்சித் தொகுப்பாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் நேராக நம்மிடம் பேசுவதுபோல் பேசுகிறார்கள், நாமும் தெரிந்தவரிடம் பழகுவதுபோல் உணர்கிறோம், ஆனால் பழக்கம் ஒரு பக்கம்தான் என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ஒருவழி உறவு என்று சொல்லலாம். கே.எஸ். ராஜாவின் குரலையும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலையும் இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முகம் தெரியாத அந்தக் குரல்கள் வீட்டு மனிதர்களாகவே இருந்தன. பிற்பாடு ஆய்வாளர்கள் இதே கருத்தைக் கதாபாத்திரங்களுக்கும் விரித்தார்கள்.

நம் இலக்கணத்தில் இதற்குப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: கைக்கிளை. ஒருதலைக் காதல். அகத்திணை ஏழில் முதலாவதாகத் தொல்காப்பியர் எண்ணுவது அதைத்தான். கைக்கிளையில் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார், என்றாவது திரும்பிப் பார்க்கலாம். கதாபாத்திரத்தோடு உள்ள உறவில் அந்த வாய்ப்பே இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் இருக்கும் மனசு இரண்டிலும் ஒன்றுதான்.

உறவு இருந்தால் பிரிவும் இருக்கும். ‘ஃபிரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் பத்து ஆண்டுகள் ஓடி 2004இல் முடிந்தது. அதன் கடைசிப் பகுதி ஒளிபரப்பானதும் கெரன் எயால், ஜோனத்தன் கோஹன் இருவரும் 279 மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்தார்கள். பிடித்த பாத்திரத்தைப் பிரிவதில் யாருக்கு அதிக வருத்தம்? தனிமையில் இருந்தவர்களுக்கு வருத்தம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் வருத்தத்தை எல்லாவற்றையும்விட நன்றாகக் கணித்துச் சொன்னது, அந்தப் பாத்திரத்தோடு உண்டான உறவின் ஆழம். அதாவது, நிஜ மனிதர்கள் விஷயத்தில் எப்படியோ அப்படியே. நெருக்கம் எவ்வளவோ, பிரிவும் அவ்வளவு. ‘ஆள் இல்லாதவர்கள்தான் இப்படிக் கதையில் போய் ஒட்டிக்கொள்வார்கள்’ என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை.

பாசம் நடிகர் மேலா, பாத்திரம் மேலா?

தமிழர்கள் நடுவில் இந்த இரண்டும் அதிகமாகக் குழம்பும். ரசிகர் மன்றங்களின் நாடு அல்லவா. ஒரு நட்சத்திரத்தின் மீதுள்ள பற்று படம் விட்டுப் படம் தொடர்வது. பாத்திரத்தின் மீதுள்ள பற்று அந்த ஒரு கதைக்குள் பிறந்து, அந்தக் கதையைச் சுற்றியே இருப்பது.

உங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி சொல்கிறேன். அடுத்த படத்தில் கமல்ஹாசன் சிரித்துக்கொண்டே இன்னொரு வேடத்தில் வருகிறார். சீனுவுக்காக இருந்த வலி தீர்ந்துவிட்டதா? தீரவில்லை என்றால் நீங்கள் பாசம் வைத்தது சீனு மேல்தான்.

முகம் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருவது இயல்பு. எம்.என். நம்பியார் பல ஆண்டுகள் சபரிமலைக்கு மாலை போட்டு, பலருக்குக் குருசாமியாக இருந்தவர். ஆனால் திரையில் வில்லனாகக் கையைப் பிசைந்துகொண்டு வரும் அந்த முகத்தைப் பார்த்தாலே திட்டத் தோன்றியது ஒரு தலைமுறைக்கு.

முகமே இல்லாவிட்டால்? வேல்ஸ் நாட்டில் ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட் என்ற கடற்கரை உண்டு. ஹாரி பாட்டர் படங்களில் வரும் டாபி என்ற குட்டி உருவம் இறந்து புதைக்கப்படும் காட்சியை அங்கே எடுத்தார்கள். டாபி கணினியில் உருவான பாத்திரம். படம் பார்த்தவர்கள் அங்கே கற்களை அடுக்கி ஒரு கல்லறையே கட்டிவிட்டார்கள். ஒரு காலுறைதான் டாபிக்கு விடுதலை கொடுத்தது என்பதால் காலுறைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2022இல் யோசித்து முடிவெடுத்தது: நினைவிடம் இருக்கட்டும், கடல் உயிர்களுக்கு ஆபத்து என்பதால் காலுறைகள் மட்டும் வேண்டாம். ரசிக்க ஒரு நடிகரின் முகம்கூட இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பாசம் என்றால், பாத்திரத்தின் மீதுள்ள பற்று தனியாக நிற்கக்கூடியது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பெற்றோர்கள் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். படம் பார்த்து அழுவது, இரண்டு நாள் அதே நினைவாக இருப்பது, அந்தப் பாத்திரம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசிப்பது, இவற்றில் எதுவும் கோளாறு அல்ல. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெடுவது, பள்ளியோ வேலையோ நின்றுபோவது, நிஜ மனிதர்களிடம் பேசுவதையே தவிர்த்துவிட்டு அந்த உலகத்துக்குள் மட்டும் இருப்பது, இப்படி ஏதாவது தெரிந்தால் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. அப்போதும் பிரச்சினை பெரும்பாலும் அந்தப் பாத்திரமாக இருக்காது. வேறெங்கோ இருக்கும் வலிக்கு அந்தப் பாத்திரம் ஒதுங்க இடம் கொடுத்திருக்கும்.

‘படம்தானே’ என்ற சொல் மட்டும் எனக்கு வேண்டாதது. அது குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்கிறது, தெரியாததைச் சொல்வதில்லை. ‘அவனை உனக்கு ஏன் அவ்வளவு பிடிச்சுது?’ என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை பாத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

கர்ணன் இறக்கும் இரவு

சினிமா வருவதற்கு வெகு காலம் முன்பே நம் ஊர்களுக்கு இது தெரியும். வட தமிழ்நாட்டில் தெருக்கூத்துக் குழுக்கள் ஆடும் ‘கர்ண மோட்சம்’ கோயில் திருவிழாவுக்கு மட்டும் உரியதல்ல. ஒருவர் இறந்த வீட்டில், காரியத்தை ஒட்டியும் அதை ஆட வைப்பார்கள். விடிய விடிய நடக்கும். போருக்குப் போகும் கர்ணனை மனைவி பொன்னுருவி தடுக்கிறாள். அவன் போகிறான். களத்தில் விழுகிறான். பெற்ற தாய் குந்தி ஓடிவந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு, உயிரோடு இருந்தபோது ஊரறியச் சொல்ல முடியாத ‘மகனே’ என்ற சொல்லைச் சொல்லி அழுகிறாள்.

கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறார்கள். வேடம் கட்டியிருப்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டதே அவர்கள்தான். இறந்துபோன தன் மகனுக்காகப் பதினைந்து நாளாக வாய்விட்டு அழ முடியாமல் இருந்த ஒரு தாய், குந்தியின் குரல் உயரும் அந்த இடத்தில் அழத் தொடங்குகிறாள். பக்கத்தில் இருப்பவள் ‘இது கூத்துதானே’ என்று சொல்வதில்லை. அவளும் சேர்ந்து அழுகிறாள்.